உங்கள் குரலில் கடல் இல்லை

எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் பாதி வழியில் நிற்காத வாரம் கிடையாது. அதைப் பராமரிக்கிற கம்பெனி இதைப் பற்றி ரொம்ப நாள் யோசித்தது. யோசித்து லிஃப்டை மாற்றவில்லை, பேச்சை மாற்றிவிட்டார்கள்.

உள்ளே மாட்டிக்கொண்டவர் அவசர மணியை அழுத்தினால் முன்பெல்லாம் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு பெண் "ஹலோ சார், ஹவ் மே ஐ ஹெல்ப் யூ" என்பாள். நம் குரலைக் கேட்டதும் தமிழுக்கு இறங்கி வருவாள். அந்த அன்றாட ஆங்கிலம் சலிப்பூட்டுகிறது என்று யாரோ ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்தார்களாம். அதனால் இனிமேல் கம்பெனியில் யாரும் சாதாரண ஆங்கிலம் பேசக்கூடாது, கடற்கொள்ளைக்காரன் பேசுகிற ஆங்கிலம்தான் பேச வேண்டும். ஹலோவுக்குப் பதில் அஹோய். சாருக்குப் பதில் மேட்டி. யெஸ் என்றால் அய் அய். லிஃப்ட் என்று சொல்லக்கூடாது, ஷிப். மாடி என்பது டெக், கதவு ஹேட்ச், பெண்பிள்ளை யாராக இருந்தாலும் லாஸ். ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் தொண்டையிலிருந்து "அர்ர்ர்" என்று ஒரு உறுமல். இதையெல்லாம் ஒரு அட்டையில் அச்சடித்து, மேலே மண்டையோடு போட்டு, லிஃப்டுக்குள் பட்டன்களுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போனார்கள். விளக்கு எரியாத லிஃப்டில் அந்த அட்டை மட்டும் பளபளவென்று இருந்தது.

இதை எங்களுக்கு விளக்க ஒரு நாள் கீழ்த்தளத்தில் கூட்டம் போட்டார்கள். கம்பெனியின் வாடிக்கையாளர் மகிழ்ச்சி மேலாளர் வந்திருந்தார். அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிட வேண்டுமாம். இஸ்திரி போட்ட சட்டை, டை, ஒரு கண்ணில் கறுப்புத் துணி. நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன், கண் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கவனம் உண்டு. பேச ஆரம்பித்தபோது இடது கண்ணில் இருந்த துணி, பேசி முடித்தபோது வலது கண்ணுக்கு வந்திருந்தது.

"ஒரு மனுஷன் லிஃப்ட்ல, மன்னிக்கணும், ஷிப்ல மாட்டிக்கிட்டா பயப்படுறான். ஏன் பயப்படுறான்? ஷிப் நின்னதாலயா? இல்லவே இல்லை. நின்னதைப் பத்தி எல்லாரும் சீரியஸா பேசுறதால! அந்த சீரியஸை நாங்க எடுத்துட்டோம்" என்றார்.

என் அக்கா எழுந்தாள். அத்தான் போனபிறகு அவள் ஒன்பதாவது மாடியில் என்னோடுதான் இருக்கிறாள். கல்யாண உடுப்பு வாடகைக்கு விடுகிற கடைக்கு அளவு பிடித்துத் தைத்துக் கொடுக்கிறாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இழுப்பு உண்டு, படியேறினால் மூச்சு பிடித்துக்கொள்ளும். லிஃப்ட் அவளுக்குச் சொகுசு இல்லை, அதுதான் அவளுக்குத் தெருவுக்குப் போகிற வழி.

"அதெல்லாம் இருக்கட்டும். லிஃப்ட் நிக்காம ஓடுறதுக்கு ஏதாவது வழி இருக்கா?" என்று கேட்டாள்.

கேப்டன் பரிவோடு சிரித்தார். "மேடம், நல்ல கேள்வி. நிக்காம ஓடுற ஷிப்ல உங்களுக்கும் எங்களுக்கும் என்ன உறவு சொல்லுங்க? நிக்கும்போதுதானே நீங்க எங்களை நினைக்கிறீங்க. அந்த உறவை நாங்க இழக்க விரும்பல."

கூட்டத்தில் பாதிப் பேர் கைதட்டினார்கள். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் கத்தி கொடுத்தார்கள். அக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டு, "த்தூ, இதுக்கு ஒரு கூட்டம், இதுக்கு ஒரு டை" என்று சொல்லிவிட்டு அதே லிஃப்டில் ஏறினாள். அன்றைக்கு மட்டும் அது நிற்காமல் போனது.

நான் சொல்ல வந்தது இதை இல்லை. ஒரு காலையில் அக்காவுக்கு இழுப்பு வந்தது. துணி வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டாள். நான் அலமாரியிலிருந்து வாயில் அடித்துக்கொள்கிற மருந்துப் பம்பை எடுத்துக் கொடுத்தேன். அழுத்தினால் வெறும் காற்று, மருந்து தீர்ந்திருந்தது. புதுசு வாங்க வேண்டும் என்று முந்தின நாளே சொன்னாள், நான்தான் கடையிலிருந்து வரும்போது மறந்துவிட்டேன். தெருவைக் கடந்தால் கிளினிக். மூக்கில் வாயில் மூடிபோட்டு ஆவியாக மருந்து கொடுத்தால் சரியாகிவிடும், எத்தனையோ தடவை சரியாகியிருக்கிறது. அவளைத் தோளோடு அணைத்து லிஃப்டுக்குள் கொண்டுபோனேன். அது நாலாவது மாடியைத் தாண்டியதும் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது.

அக்கா என்னைப் பார்த்தாள். பேச்சுக்கு மூச்சை வீணாக்கவில்லை, கையால் மணியைக் காட்டினாள். அழுத்தினேன்.

கடல் அலைச் சத்தம் வந்தது. ஏதோ பறவை கத்தியது. அது முடியும்வரை யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பெண் குரல், "அஹோய் மேட்டி! எந்தக் கடல்ல மாட்டிக்கிட்டீங்க? அர்ர்ர்."

"அம்மா, லிஃப்ட் நின்னுடுச்சு. என் அக்காவுக்கு மூச்சு முட்டுது. உடனே யாரையாவது அனுப்புங்க."

"மேட்டி, உங்க பக்கத்துல ஒரு அட்டை இருக்கு. அதைப் பார்த்து இன்னொரு தடவை சொல்றீங்களா? அர்ர்ர்."

"மூச்சு முட்டுதுன்னு சொல்றேன்மா! அட்டையப் பாருன்னா?"

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "சார், கோவிச்சுக்காதீங்க. எல்லாம் பதிவாகுது. கடல்மொழியில கேட்டாத்தான் நான் ஆர்டர் போட முடியும். அதுல இல்லேன்னா பட்டனே வேலை செய்யாது." உடனே குரலை உயர்த்தி, "தைரியமா இருங்க மேட்டி! அர்ர்ர்!" என்றாள்.

நான் அட்டையைப் பார்த்தேன். என் கண்ணாடியை அவசரத்தில் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். ஊருக்கெல்லாம் லென்ஸ் தேய்க்கிறவனுக்கு மண்டையோடு மட்டும்தான் தெரிந்தது. அக்கா அட்டையில் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகக் காட்டினாள். பாதி சொல்லை அவள் மூச்சுக்கு நடுவில் சொன்னாள், மீதியை நான் ஊகித்தேன்.

"அஹோய்," என்றேன். என் வாய் எனக்கே அருவருப்பாக இருந்தது. "ஷிப் நின்னுடுச்சு. நாலாவது டெக்குக்குக் கீழே. உள்ளே ஒரு லாஸ் இருக்கா, மூச்சு முட்டுது. ஹேட்ச்சைத் திறங்க. அர்ர்."

"ரொம்ப நல்லா வந்துச்சு மேட்டி! மூச்சுக்கும் ஒரு கடல்மொழி இருக்கு, பரவாயில்லை. கடைசியில அந்த உறுமல்தான் கொஞ்சம் சின்னதா போச்சு. இருங்க, மெக்கானிக்குக்குத் தகவல் கொடுக்கிறேன். ஆனா திறக்கச் சொல்ற ஆர்டர் கேப்டன்கிட்டதான் இருக்கு. லைன்லயே இருங்க."

மறுபடி அலைச் சத்தம் ஆரம்பித்தது. அக்கா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். கழுத்து நரம்பு ஒவ்வொரு மூச்சுக்கும் விடைத்தது. அவள் நெற்றியைத் துடைக்கக் கைக்குட்டை தேடினேன், அதுவும் இல்லை.

அப்போது கதவின் இடுக்கில் ஒரு குரல் கேட்டது. "அண்ணே, உள்ள யாரு? கண்ணாடிக்கடை அண்ணனா?"

எங்கள் கட்டடத்துக்கு வழக்கமாக வருகிற மெக்கானிக். ஸ்பேனர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அன்றைக்கு அவன் கீழ்த்தளத்தில்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான், ஓடி வந்துவிட்டான்.

"டேய் ஸ்பேனர், சாமி மாதிரி வந்தே. திற, திற! அக்காவுக்கு இழுப்புடா!"

"சாவி கையிலதான் இருக்குண்ணே." முக்கோணத் தலை வைத்த சாவியைக் கதவில் தட்டிக் காட்டினான், டக் டக் என்று கேட்டது. "ஒரு திருப்பு திருப்பினா திறந்துடும். ஆனா ஆர்டர் வராம திறந்தா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. போன மாசம் பக்கத்துக் கட்டடத்துல ஒரு சின்னப் பொண்ணு அழுதுச்சுன்னு சும்மா தமிழ்ல 'அழாதே கண்ணு, இதோ'ன்னு சொல்லித் திறந்துட்டேன். அதுக்கே சம்பளத்தோட சஸ்பெண்டு பண்ணல, சம்பளமில்லாம சஸ்பெண்டு. என் மாமியார் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுது."

"அவ செத்துப் போயிடுவாடா!"

சாவி கதவில் உரசுவது கேட்டது, திரும்பவில்லை. பிறகு அவன், "இங்கேயேதான் நிக்கிறேண்ணே. ஆர்டர் வந்த அடுத்த வினாடி திறந்துடுவேன்" என்றான். அவன் அழுகிற மாதிரி இருந்தது. எனக்கும் என் அக்காவுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் ஒரு விரல் கனத்தில் தகரக் கதவு. அதற்கு அந்தப் பக்கம் சாவி.

அலை ஓய்ந்தது. "அஹோய் அஹோய்! கேப்டன் பேசுறேன்!"

"ஐயா, உங்க மெக்கானிக் வெளிய சாவியோட நிக்கிறான். திறன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. என் அக்காவால மூச்சு விட முடியல."

"கேட்டேன் மேட்டி, பொண்ணு எல்லாம் சொன்னா. உங்க கவலை எனக்குப் புரியுது. நானும் ஒரு குடும்பஸ்தன்தான். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. நீங்க சீரியஸா கேட்டு நான் சீரியஸா திறந்துட்டா, இத்தனை பேர் கஷ்டப்பட்டு உண்டாக்கின மகிழ்ச்சி என்ன ஆகும்? இன்னைக்கு மூச்சு முட்டுதுன்னு விட்டுக் கொடுத்தா, நாளைக்கு ஒருத்தர் நெஞ்சு வலிம்பார். ஒழுங்குன்னு ஒண்ணு வேணுமில்லையா? ஒண்ணுமில்லை, ஒரே ஒரு உறுமல். வயித்துலேருந்து. உங்க பங்கேற்பு பதிவாயிட்டா நான் ஆர்டர் போட்டுடுவேன்."

"அர்ர்ர்!" என்று கத்தினேன்.

"ம்ஹூம். இது கோபம்."

"அர்ர்ர்ர்!"

"இது அழுகை. மேட்டி, தப்பா நினைக்காதீங்க, உங்க குரல்ல கடல் இல்லை."

நான் கண்ணாடிக் கடையில் எப்படிப்பட்ட ஆட்களையெல்லாமோ பார்த்தவன். படிக்கத் தெரியாததால் எழுத்து தெரியவில்லை என்று சண்டை போட்டவரைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடிக் கண்ணுக்குப் பவர் கேட்டவரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இப்படி ஒரு பிறவியைப் பார்த்ததில்லை. மண்டியிட்டு அந்தச் சின்ன ஒலிபெருக்கித் துளைகளுக்கு முன்னால் வாயை வைத்து நாய் மாதிரி உறுமினேன். மறுபடி உறுமினேன். கதவுக்கு வெளியே ஸ்பேனரும் உறுமினான், பாவம், என் கணக்கில் சேரட்டும் என்று.

"ஊழியர் குரல் கணக்கில் வராது" என்றார் கேப்டன்.

அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். தன்னை அந்தத் துளைகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோகச் சொன்னாள். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். 'நாசமாப் போறவனே' என்று ஆரம்பித்தால் ஏழு தலைமுறைக்குப் போய்விட்டுத்தான் திரும்புவாள். தூக்கி உட்கார வைத்தேன். அவள் வாயைத் திறந்தாள். திட்டு வரவில்லை. மூச்சு உள்ளே போக இடமில்லாமல், வெளியே வர வழியில்லாமல், தொண்டையில் கிழிந்து ஒரு சத்தமாக வந்தது. நீளமாக, கரகரவென்று.

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"யாரு அது?" என்றார் கேப்டன். குரலில் மரியாதை வந்திருந்தது. "யாரு மேட்டி அந்த லாஸ்?"

"என் அக்காய்யா! சாகப் போறாய்யா! அது மூச்சுத் திணறல்!"

"தெரியுது சார், தெரியுது. அதனாலதானே இவ்வளவு இயல்பா இருக்கு! நாங்க ஆளைக் கூட்டி வந்து பயிற்சி கொடுத்துப் பார்த்துட்டோம், இந்த மாதிரி வரவே இல்லை. இது உள்ளேருந்து வருது சார். ஆர்டர் போட்டாச்சு! ஹேட்ச்சைத் திற!"

அவர் சொல்லி முடிப்பதற்குள் சாவி திரும்பிவிட்டது. ஸ்பேனர் கதவைப் பிளந்து, எக்கி, அக்காவை இரண்டு கையால் வாங்கினான். பாதி மாடி உயரத்தில் நான் தொங்கிக்கொண்டு இறங்கினேன். அவளை அவனும் நானும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு படியிறங்கி, தெருவைக் கடந்து, கிளினிக்கில் கிடத்தினோம். மூடியைப் போட்டார்கள். மருந்து புகையாக ஏறியது. டாக்டர் ஒரு ஊசியும் போட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கஷ்டம். ஏன் இவ்வளவு லேட்டு?" என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் என் கண் இமையைத் தூக்கிப் பார்த்து, எனக்கும் ஏதாவது மருந்து வேண்டுமா என்று கேட்டார்.

அக்கா பிழைத்துக்கொண்டாள். கதை இதோடு முடிந்திருந்தால் நானும் காறித் துப்பிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன்.

அடுத்த வாரம் கதவை யாரோ தட்டினார்கள். அக்கா திறந்தாள். வெளியே கேப்டன் நின்றார். கையில் பரிசுப் பொட்டலம். வேர்வையில் சட்டை ஒட்டிக்கிடந்தது. டை தோளுக்குப் பின்னால் போயிருந்தது, கறுப்புத் துணி நெற்றிக்கு ஏறியிருந்தது. வாயைத் திறக்கிறார், மூச்சுதான் வருகிறது, பேச்சு வரவில்லை.

நான் எழுந்து வருவதற்குள் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டாள். "உக்காருங்க, உக்காருங்க. பேசாதீங்க. முன்னால குனிஞ்சு உக்காருங்க. மெதுவா." தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அட்டையைப் பார்த்துக் கேள் என்று சொல்லத் தோன்றவில்லை அவளுக்கு. எனக்குத் தோன்றியது. நான்தான் அந்த வீட்டில் கெட்டவன்.

தண்ணீர் இறங்கியதும் அவருக்குப் பேச்சு வந்தது. பொட்டலத்தைப் பிரித்தார். மண்டையோடு போட்ட கேடயம். ஒரு பிளாஸ்டிக் கத்தி. கறுப்புக் கண்துணி, லாஸ் அளவு. "இந்த ஆண்டின் சிறந்த குரல்" என்று எழுதியிருந்தது.

"மேடம், உங்க குரலைக் கேட்டு எங்க இயக்குநர் எழுந்து நின்னுட்டார். அலைச் சத்தத்தை எடுத்துட்டோம். இனிமே எந்தக் கட்டடத்துல மணி அழுத்தினாலும் முதல்ல நீங்கதான்." கைபேசியை எடுத்து அழுத்தினார். என் அக்கா சாகக் கிடந்த சத்தம் எங்கள் வீட்டுக் கூடத்தில் கேட்டது. பின்னால் மெல்லிசாக மேளம் சேர்த்திருந்தார்கள்.

"எங்களைக் கேட்காம எப்படி?" என்றேன்.

"மணியை அழுத்தினாலே சம்மதம்தான் மேட்டி. அட்டையோட பின்பக்கம் போட்டிருக்கு."

"அட்டையத்தான் சுவத்துல ஒட்டியிருக்கீங்களே?"

"அது உங்க வசதிக்காக."

அக்கா கேடயத்தைத் தொடவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணு கேட்கணும். ஒன்பது மாடி ஏன் நடந்து வந்தீங்க? லிஃப்ட் இன்னைக்கு ஓடுதே?"

கேப்டன் சிரிக்கப் பார்த்தார். "அது வந்து மேடம்... எனக்கு மூடின இடம் ஒத்துக்காது. அதுவும் உங்க லிஃப்ட்... எப்ப நிக்கும்னு யாரு கண்டா? ஆபீஸ்ல நாங்க யாரும் ஏற மாட்டோம்."

அவர் ஷிப் என்று சொல்லவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை. அக்கா எழுந்து அவரைக் கூட்டிக்கொண்டு போய் லிஃப்ட் பட்டனை அழுத்தினாள். அது வந்து நின்று வாயைத் திறந்தது. "போங்க," என்றாள், "நாங்க எல்லாம் இதுலதான் போறோம்." கேப்டன் உள்ளே இருந்த மண்டையோட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், திரும்பிப் படியில் ஓடினார். அவர் காலடிச் சத்தம் கீழே போய்த் தேயும்வரை அக்கா அங்கேயே நின்றாள். பிறகு உள்ளே வந்து, கேடயத்தைக் குப்பையில் போட்டுவிட்டு, விட்ட தையலை எடுத்துக்கொண்டாள்.

லிஃப்ட் இன்னும் நிற்கிறது. எந்த மாடியில் யார் மாட்டினாலும் மணியை அழுத்தியதும் என் அக்கா திணறுகிறாள், மேளம் அடிக்கிறது. கட்டடத்துப் பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. படியில், நடையில், எங்கே பார்த்தாலும் அந்தச் சத்தத்தைப் போட்டுக்கொண்டு கத்திச் சண்டை போடுகின்றன. நன்றாகவே போடுகின்றன, சனியன்கள். போன ஞாயிற்றுக்கிழமை நான் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. பிள்ளைகள்தானே என்று மறு கன்னத்துக்கும் சோப்பு போட்டேன். கண்ணாடியில் தற்செயலாகப் பார்த்தால், அக்கா மேசைக்குக் கீழே கிடக்கிறாள்.

பம்பு இருந்தது, அதனால் தப்பித்தாள். அதற்குப் பிறகு இழுப்பு வந்தால் அவள் குரலை நம்புவதில்லை. பக்கத்திலேயே ஒரு டம்ளர் வைத்திருக்கிறாள், அதை எடுத்துச் சுவரில் தட்டுகிறாள். அந்தச் சத்தத்தைக் கம்பெனி இன்னும் கேட்கவில்லை.